25,000 மணி நேரம் யாருடைய ஆயுள்?

பல்பு வாங்கிய அட்டைப்பெட்டியை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டு, வெளிச்சம் வந்ததும் பெட்டி குப்பைக்குப் போய்விடும். பத்து மாதம் கழித்து ஒரு ராத்திரி குளியலறை இருண்டுபோகும்போதுதான் அதன் ஞாபகமே வரும். “அதுல 25,000 மணி நேரம்னு போட்டிருந்துதே?” என்று வீட்டில் ஒருவர் கேட்பார். செத்த பல்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரர் பல்பைப் பார்ப்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “பில்லு வச்சிருக்கீங்களா?”

25,000 மணி நேரம் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. ராப்பகலாக எரியவிட்டாலே 1,041 நாள், அதாவது இரண்டே முக்கால் வருஷத்துக்கு மேல். அமெரிக்காவில் பல்புப் பெட்டியின் மேல் ஆயுளை வருஷக் கணக்கில் அச்சிடும்போது, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் எரியும் என்று வைத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்குப்படி 25,000 மணி என்பது 22 வருஷத்தைத் தாண்டும். கல்யாணமாகிக் குடிபோன வீட்டில் மாட்டிய பல்பு, பிள்ளை காலேஜ் முடிக்கிறவரை எரிய வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு விடிந்ததும் அணைக்கிற வாசல் விளக்குக்குக்கூட ஐந்தரை வருஷத்துக்குக் குறையாமல் வரும். இத்தனைக்கும் எல்.இ.டி. பல்பு சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தே பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது. 22 வருஷத்தை ஓட்டிப் பார்த்தவர் எவரும் கிடையாது.

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது?

பெட்டியில் போட்டிருப்பது சுத்தப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது முழு பல்பின் ஆயுள் இல்லை. பல்புக்குள் இருக்கும் மஞ்சள் பொட்டுகளின், அதாவது எல்.இ.டி. சிப்களின், ஆயுள் அது. அதிலும் சிப் ‘செத்துப்போகும்’ நேரத்தைச் சொல்வதில்லை. மங்கிப்போகும் நேரத்தைச் சொல்கிறது. புதிதில் கொடுத்த வெளிச்சத்தில் 70 சதவீதமாகக் குறையும் நேரம்தான் அதன் ஆயுள் என்பது தொழிலில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். எல்-70 என்று இதைச் சொல்வார்கள். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக் கணக்கில், முப்பது சதவீதம் குறைந்தால் மனிதக் கண் அதைக் கண்டுபிடிக்காது என்பது இதன் பின்னால் உள்ள நியாயம். நியாயமான நியாயம்தான். ஆனால், குளியலறையில் நின்றவர் பார்த்தது மங்கலை இல்லை, கும்மிருட்டை.

சோதனை நடக்கும் விதத்தைப் பார்த்தால் இன்னும் புரியும். எல்.எம்.-80 என்ற சோதனை முறைப்படி சிப்களைக் குறைந்தது 6,000 மணி நேரம் எரியவிட்டு, இடையிடையே வெளிச்சத்தை அளந்து குறித்துக்கொள்வார்கள். 6,000 மணி என்பது சுமார் எட்டு மாதம். பிறகு டி.எம்.-21 என்ற இன்னொரு கணக்கு வரும். எட்டு மாதத்தில் இவ்வளவு மங்கினால் போகப்போக எவ்வளவு மங்கும் என்று கோட்டை நீட்டிப் பார்க்கும் கணக்கு. நீட்டுவதற்கும் ஒரு எல்லை உண்டு. போதுமான எண்ணிக்கையில் சிப்களைச் சோதித்திருந்தால், சோதித்த நேரத்தைப் போல ஆறு மடங்குவரை போகலாம். ஆறாயிரத்தை ஆறால் பெருக்கினால் 36,000. யாரும் 36,000 மணி நேரம் காத்திருந்து பார்க்கவில்லை; காத்திருக்கவும் முடியாது. அதற்குள் அந்த மாடலே சந்தையில் இருக்காது.

கணக்கில் தப்பில்லை. ஆனால் சோதனைக்குப் போனது சிப் மட்டும். அந்த சிப்பை எரிய வைக்கும் சர்க்யூட், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உடம்பு, மேலே மூடியிருக்கும் கண்ணாடிக் கூடு, தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் இவையெல்லாம் அந்தச் சோதனைச் சாலையில் இல்லை. மாட்டை மட்டும் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, அச்சாணிக்கும் சேர்த்து கியாரண்டி எழுதிக் கொடுத்த மாதிரி. இன்னொன்று, பல்பின் ஆயுள் என்று சொல்லப்படுவது பொதுவாக ஒரு கூட்டத்தின் நடுப்புள்ளி. நூறு பல்பை எரியவிட்டால் அந்த நேரத்துக்குள் ஐம்பது தேறாமல் போகலாம். உங்கள் வீட்டுக்கு வந்தது எந்த ஐம்பதில் ஒன்று என்று பெட்டியில் போடுவதில்லை.

செத்த பல்பு ஒன்றைத் திறந்து பார்ப்பது நல்ல படிப்பு. ஹோல்டரிலிருந்து கழற்றி, கொஞ்ச நேரம் ஆறவைத்து, பால் நிறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை அழுத்தித் திருகினால் ‘டக்’கென்று வந்துவிடும். உள்ளே வட்டமான அலுமினியத் தகடு. அதன்மேல் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். மஞ்சளாகத் தெரிவது மேலே பூசியிருக்கும் பாஸ்பர். அடியில் இருக்கும் சிப் உமிழ்வது நீல ஒளி. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலத்தைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது சதுரங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தால், ஏதாவது ஒன்றின் நடுவில் எள்ளளவு கறுப்புப் புள்ளி இருக்கும். பல்பைக் கொன்றது அதுதான். மற்ற பதினொன்றுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

திருவிழாப் பந்தலில் சீரியல் செட் கட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் இணைப்பு. ஒன்று அறுந்தால் மொத்த வரிசையும் அணைந்துபோகும். வீட்டு பல்பும் உள்ளுக்குள் ஒரு சீரியல் செட்தான்.

சில பல்புகள் சாவதற்கு முன்னால் சில நாள் கண் சிமிட்டும். போட்டதும் எரியும், ஒரு நிமிஷத்தில் அணையும், மறுபடி எரியும். பேய் பிசாசு ஒன்றுமில்லை. சிப்புக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று விட்டுப்போயிருக்கும். சூடேறும்போது அது விலகிக்கொள்கிறது, ஆறினால் திரும்பத் தொட்டுக்கொள்கிறது. இந்த நிலைக்கு வந்த பல்புக்கு அதிக நாள் கிடையாது.

கறுப்புப் புள்ளி எங்குமே இல்லையென்றால் கோளாறு டிரைவரில். டிரைவர் என்றால் 230 வோல்ட் ஏ.சி.யை வாங்கி சிப்புக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தரும் சர்க்யூட். விலை கூடிய பல்புகளில் இது அடிப்பாகத்தில் தனி போர்டாக உட்கார்ந்திருக்கும். விலை குறைந்தவற்றில் சிப் இருக்கும் அதே தகட்டிலேயே ஒரு சின்ன ஐ.சி.யும் இரண்டு மூன்று ரெசிஸ்டரும் வைத்து முடித்துவிடுவார்கள். தனி போர்டில் இருக்கும் பெரிய நோயாளி, உருளையாக நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். ஃபேன் மெக்கானிக் பாஷையில் கண்டன்சரின் தம்பி. அதற்குள் ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்ல வற்றும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி, பத்து டிகிரி குறைந்தால் இரட்டிப்பு என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வாய்ப்பாடு மாதிரி வைத்திருக்கும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர், 85 டிகிரியில் 8,000 மணி தாங்கும். 65 டிகிரியில் 32,000 மணி. அதே பொருள், அதே விலை. மாறியது அது உட்கார்ந்திருந்த இடத்தின் சூடு மட்டும்.

‘எல்.இ.டி.க்கு ஏது சூடு, தொட்டால் ஜில்லென்று இருக்கிறதே?’ என்று கேட்கத் தோன்றும். குண்டு பல்போடு ஒப்பிட்டுப் பழகியதால் வரும் குழப்பம் இது. குண்டு பல்பின் இழை 2,500 டிகிரியில் தகிக்கும். ஆனால் பெரும்பகுதி வெப்பத்தைக் கதிராகவே வெளியே வீசிவிடும். கை சுடும், பல்புக்கு ஒன்றும் ஆகாது. எல்.இ.டி.யால் அப்படி வீச முடியாது. 9 வாட் பல்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகத்தான் போகிறது. அந்த ஆறு வாட் சூடும் சிப்பின் அடியிலிருந்து அலுமினியத் தகட்டுக்கு, தகட்டிலிருந்து உடம்புக்கு, உடம்பிலிருந்து காற்றுக்கு என்று ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். வழியில் எங்கே அடைத்தாலும் சூடு திரும்பி சிப்பையும் கெப்பாசிட்டரையும்தான் வேகவைக்கும். ஆரம்பகால எல்.இ.டி. பல்புகள் துடுப்பு துடுப்பாக அலுமினிய உடம்போடு, கையில் எடுத்தால் கனமாக இருந்தது இதற்காகத்தான். இப்போது வருபவை பஞ்சு மாதிரி லேசாக இருக்கின்றன. பிளாஸ்டிக்குக்கு உள்ளே அலுமினியம் எவ்வளவு இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கம்பெனியில் வாங்கிய நாலு பல்பில் மூன்று நாலு வருஷமாக எரிந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை ஏன் போகிறது என்பதற்கு இதில்தான் பதில். அது பெரும்பாலும் குளியலறையில் கண்ணாடிக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பல்பாக இருக்கும். இல்லாவிட்டால் ஃபால்ஸ் சீலிங்கில் பொந்துக்குள் தலைகீழாகத் தொங்குவது. தலைகீழாகத் தொங்கும் பல்பில் டிரைவர் மேலே இருக்கும். சூடும் மேலேதான் போகும். மே மாதத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், ராத்திரி ஒன்பது மணிக்கும் தளம் அனலாக இருக்கும்போது, அந்தக் கூட்டுக்குள் என்ன நிலைமை இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். கூட்டைக் கழற்றிவிட்டால் பூச்சி வரும், ஒட்டடை படியும், அழகு போகும். பல்பு மட்டும் பிழைக்கும்.

சூட்டுக்கு அடுத்தபடி கரண்ட். தமிழ்நாட்டில் பழைய தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று தெரியும். மூன்று ஃபேஸ் வரும் லைனில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட்வரை ஏறலாம். டி.வி., ஃபிரிட்ஜ், மோட்டார் என்று தெருவே லைன்மேனைத் தேடும் அந்த அரை மணி நேரத்தில் ஒரு வீட்டின் பாதி பல்புகள் போயிருக்கும். இடி மின்னல் நாட்களில் வரும் திடீர் ஏற்றமும் அப்படித்தான். பெட்டியில் ‘4 கிலோ வோல்ட் சர்ஜ் ப்ரொடக்‌ஷன்’ என்று எழுதியிருந்தால் உள்ளே அதற்கென்று ஏதோ ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது வந்து போகும் நொடிநேர இடியைத் தாங்கும். அரை மணி நேரம் நின்று அடிக்கும் 400 வோல்டுக்கு அதுவும் பலியாகும். கவனத்துக்கு வராத இன்னொரு எமன், தளர்ந்துபோன ஹோல்டர். பின் டைப் ஹோல்டரின் ஸ்பிரிங் இளகிப்போய், உள்ளே பொறி தட்டிக்கொண்டே இருந்தால் எந்தக் கம்பெனி பல்பும் நிற்காது. ஒரே ஹோல்டரில் மூன்றாவது பல்பு போனால், மாற்ற வேண்டியது நாலாவது பல்பை அல்ல.

இவ்வளவும் வீட்டின் பக்கத்துக் குற்றம். கம்பெனியின் பக்கம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் ஒரு குண்டு பல்பு 1901லிருந்து எரிந்துகொண்டிருக்கிறது. ஷெல்பி என்ற கம்பெனி செய்த கார்பன் இழை பல்பு. ‘அந்தக் காலத்துப் பொருள் மாதிரி வருமா’ என்று சொல்பவர்களுக்கெல்லாம் அதுதான் சாட்சி. 1924இல் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரிய கம்பெனிகள் ஜெனிவாவில் கூடி ‘ஃபீபஸ்’ என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்து, எந்த பல்பும் 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று முடிவுகட்டின. அதிக நாள் எரிகிற பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம் வேறு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சதிக் கதை சுவையாக இருக்கும்; அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் லிவர்மோர் பல்பின் இன்றைய வெளிச்சம் வெறும் 4 வாட் அளவு. அதை வைத்துப் பேப்பர் படிக்க முடியாது. குண்டு பல்பின் இழையைக் குறைவான சூட்டில் ஓட்டினால் நீண்ட நாள் இருக்கும். ஆனால் தின்னும் கரண்டுக்கு ஏற்ற வெளிச்சம் தராது. ஆயுள் வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா என்ற பேரம் அந்தப் பொருளின் பிறவியிலேயே இருந்தது. கம்பெனிகளுக்கு அது ஒரு வசதியான சாக்காகவும் இருந்தது.

(2013 மே மாதம் லிவர்மோர் பல்பு ஒருநாள் அணைந்துவிட்டது. ஊரே பதறியது. பார்த்தால் பல்புக்கு ஒன்றுமில்லை. அதற்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த யு.பி.எஸ். செத்துப்போயிருந்தது. நம் வீட்டு எல்.இ.டி. பல்பின் கதையும் பாதி நேரம் இதேதான்.)

எல்.இ.டி.யில் அந்தப் பேரமே கிடையாது. இங்கே கணக்கு தலைகீழ். சிப்புக்குள் ஓடும் கரண்டைக் குறைத்தால் சூடு குறையும், ஆயுள் கூடும். அதோடு ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் வெளிச்சமும் கூடும். இரண்டு கையிலும் லட்டு. இதை யாரும் செய்து பார்க்காமல் இல்லை. துபாய் நகராட்சிக்காக பிலிப்ஸ் 2016இல் ‘துபாய் லாம்ப்’ என்ற பல்பைக் கொண்டுவந்தது. சந்தையில் இருந்த சாதாரண எல்.இ.டி. பல்பு ஒரு வாட்டுக்கு 80, 100 லூமன் வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இது 200 லூமன் கொடுத்தது. 3 வாட்டில் 600 லூமன். மந்திரம் ஒன்றுமில்லை. எல்.இ.டி. இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் கரண்டைக் குறைத்தார்கள். நாலு பேர் தூக்குகிற சுமையை எட்டுப் பேர் தூக்கினால் யாருக்கும் மூச்சு வாங்காது.

நம் கடைகளில் கிடைப்பது நாலு பேர் பல்பு. சில கம்பெனிகளில் மூன்று பேர். சிப் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பவற்றின் தலையில் அதிகக் கரண்டை ஏற்றினால் அதே அளவு லூமனை மலிவாகக் காட்டிவிடலாம். பெட்டியில் வாட்டும் லூமனும் சரியாக இருக்கும். ஆயுள் மட்டும் அடிபடும். அது கடையில் தெரியாது. இந்த இடத்தில் கம்பெனிகளுக்கு 1924இல் இருந்த சாக்குகூட இல்லை. மிச்சம் பிடிப்பது சில ரூபாய்.

நன்றாகச் செய்தால் எவ்வளவு ஓடும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறை, 60 வாட் குண்டு பல்புக்கு மாற்றாக நல்ல எல்.இ.டி. பல்பு செய்பவருக்கு ‘எல் பிரைஸ்’ என்று பரிசு அறிவித்தது. 2011இல் பிலிப்ஸ் ஜெயித்தது. பரிசு கொடுத்ததோடு விடாமல், அந்த பல்புகளை 45 டிகிரி சூட்டில் வைத்து 25,000 மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டுப் பார்த்தார்கள். கோட்டை நீட்டிப் போட்ட கணக்கு இல்லை, உட்கார்ந்து எண்ணிய மணி. சராசரி வெளிச்சம் சொல்லும்படியாகக் குறையவே இல்லை. அந்த பல்பு கனத்த அலுமினிய உடம்போடு, அணைத்திருக்கும்போது மஞ்சளாக, பார்க்க அழகில்லாமல் இருக்கும். 2012இல் கடைக்கு வந்தபோது விலை சுமார் 50 டாலர். அந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்?

இந்தியாவில் விலை வேறு திசையில் ஓடியது. 2015 ஜனவரியில் மத்திய அரசு ‘உஜாலா’ திட்டத்தைத் தொடங்கியது. அரசு நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட, 2014இல் 310 ரூபாய்க்குக் கொள்முதலான பல்பு 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. இதுவரை 36 கோடிக்கு மேல் பல்புகள் போயிருக்கின்றன. இதைக் குறை சொல்ல மனசு வராது. தினமும் ஆறு மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்பு இரண்டு மாத பில்லில் 21 யூனிட்டுக்கு மேல் தின்னும். 9 வாட் எல்.இ.டி. மூன்றேகால் யூனிட்டோடு நிறுத்திக்கொள்ளும். 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கப் பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் விலை இறங்கிய வேகத்தில், பெயர் தெரியாத பல்புகள் தட்டுவண்டிவரை வந்துவிட்டன. 2017இல் நீல்சன் நிறுவனம் டெல்லி, மும்பை, அகமதாபாத், ஹைதராபாத் நகரங்களில் 200 கடைகளில் பார்த்ததில், எல்.இ.டி. பல்பு பிராண்டுகளில் 76 சதவீதம் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை. இதை எடுத்துச் சொன்னது பெரிய விளக்குக் கம்பெனிகளின் சங்கமான எல்கோமா என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வீசியெறிவது இந்த ஊர் வழக்கம் இல்லை என்பதால், செத்த பல்பைச் சுற்றி ஒரு சின்னத் தொழிலே வளர்ந்திருக்கிறது. சிப் பதித்த வட்டத் தகடு தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் கிலோக்கணக்கில் வாங்கிப்போகிறவர்கள் உண்டு. மூடியைத் திறந்து, பழைய தகட்டைக் கழற்றி, புதியதை வைத்து, இரண்டு ஒயரைச் சால்டர் செய்து மூடினால் பல்பு மறுபிறவி எடுக்கும். இன்னும் கைதேர்ந்தவர்கள் தகட்டைச் சூடாக்கி, கறுப்புப் புள்ளி விழுந்த ஒரே ஒரு சிப்பை மட்டும் பெயர்த்தெடுத்து வேறொன்றை ஒட்டுவார்கள்.

அவர்களில் விஷயம் தெரிந்தவர் இன்னொன்றும் செய்வார். மலிவு பல்பின் தகட்டில், ஐ.சி.க்குப் பக்கத்தில், கடுகு மாதிரி இரண்டு ரெசிஸ்டர்கள் பக்கம் பக்கமாக இருக்கும். சிப்புக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று நிர்ணயிப்பவை அவைதான். அதில் ஒன்றை நெம்பி எடுத்துவிட்டால் கரண்ட் ஏறத்தாழ பாதியாகும். வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையாது. கையை வைத்தால் சுடாது. ஊசிமுனையில் ஏழை வீட்டு துபாய் லாம்ப் தயார். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: அந்தத் தகட்டில் ஓடுவது நேராக வீட்டு மின்சாரம். மூடியைத் திறந்த பல்பை மறுபடி ஹோல்டரில் மாட்டி விரல் வைத்தால், ஷாக் சுவிட்ச்போர்டில் அடிப்பது போலத்தான் அடிக்கும்.

திறக்கத் துணியாதவர்களுக்குக் கடைக்காரர்களின் வழி இருக்கிறது. பல்பை டெஸ்ட் செய்து காட்டியதும், அழியாத மார்க்கர் பேனாவால் அதன் கழுத்தில் மாதமும் வருஷமும் எழுதித் தருவார்கள். பில் தொலைந்துபோகும், எழுத்து போகாது. அதன் பக்கத்திலேயே எந்த அறை என்றும் ஒரு வார்த்தை எழுதி வைத்தால், அடுத்த முறை ஸ்டூல் போட்டு ஏறும்போது, எத்தனை மாதம் ஓடியது, எந்தக் கூட்டுக்குள் ஓடியது என்று பல்பே சொல்லிவிடும்.